வியாழக்கிழமைச் சக்களத்தி

அத்தியாயம் 9

அன்னப்பூரணிக்கு ஒரு சக்களத்தி உண்டு. அவள் பெயர் வியாழக்கிழமை. தொடக்கத்திலிருந்து வாசித்து வருகிறவர்களுக்கு இது தெரியும். இந்த வாரம் புதிதாய் வந்து உட்கார்ந்தவர்களுக்காக இன்னொரு தடவை சொல்லிவிடுகிறேன்.

வாகரையில் மீன்பிடிக்கிற நல்லரத்தினம், சுனாமி தன் நாலு வயது மகன் நிலோஜனைக் கொண்டுபோன நாளிலிருந்து குடித்தார். மகன் கையைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றவர் அவர்தான். அங்கே என்ன நடந்தது என்று மனைவியிடம் இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சண்டையில் இடம்பெயர்ந்தபோது குடித்தார், முகாமில் குடித்தார், திரும்பி வந்து வீட்டுக்குக் கூரை போட்ட பிறகும் குடித்தார். அன்னப்பூரணி கண்ணகை அம்மன் கோயிலில் கற்பூரம் கொளுத்தி அதன் மேல் சத்தியம் வாங்கிப் பார்த்தாள். ஒவ்வொரு சத்தியமும் ஒரு கிழமைகூடத் தாங்கவில்லை.

வைகாசியில் சண்டை முடிந்த கையோடு யாரோ அவரை வாழைச்சேனையில் ஒரு கூட்டத்துக்குக் கூட்டிப் போனார்கள். குடியை விட நினைக்கிறவர்கள் வியாழன்தோறும் கூடியிருந்து கதைக்கிற இடம். அன்றிலிருந்து மனிதர் போத்தலைத் தொடவில்லை.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே என்பீர்கள். நீங்கள் அன்னப்பூரணியாக இருந்து பார்க்க வேண்டும். வருஷக்கணக்காக அழுதும், ஏசியும், பட்டினி கிடந்தும் அவளால் முடியாததை ஊர் பேர் தெரியாத நாலு ஆண்கள் தேத்தண்ணி கொடுத்து முடித்துவிட்டார்கள். வயிறு எரியாதா?

போன வாரம் அந்த எரிச்சலுக்கு ஒரு முகமும் கிடைத்தது. பாடசாலை விளையாட்டுப் போட்டிக்காக வாழைச்சேனைக்குப் போன மகள் கம்சாயினி, அப்பா ஓர் ஆளைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டு நின்றதைப் பார்த்துவிட்டாள். அந்த ஆள் ஓட்டமாவடியில் ஹாட்வெயார்க் கடை வைத்திருக்கும் நௌஷாட் முதலாளி.

*

வியாழன் காலை நல்லரத்தினம் சவரம் செய்துகொண்டிருந்தார். வாரத்தில் ஒரு நாள்தான் சவரம், அதுவும் இன்றைக்கு. அன்னப்பூரணி தேங்காய் திருவிக்கொண்டே அதைப் பார்த்தாள்.

"கூட்டத்துக்குத்தானே போறீங்க, கலியாணத்துக்கு இல்லையே."

"தாடியோட போனா நல்லா இருக்காது புள்ள."

"எனக்கு முன்னால தாடியோட இருந்தா நல்லா இருக்கும் என்ன."

அவர் பதில் பேசவில்லை. பதில் பேசாமல் இருப்பதும் அங்கேதான் கற்றுக்கொண்டு வந்தது என்று அவளுக்குத் தெரியும். முன்பென்றால் இதற்கே சட்டி பறந்திருக்கும்.

இந்தக் கூட்டத்தைப் பற்றி அவள் கேட்காத கேள்வி இல்லை. சேர்வதற்குக் காசு கட்ட வேண்டுமா? இல்லையாம், தேத்தண்ணிச் செலவுக்கு விரும்பினவர் போடலாமாம். கிறிஸ்தவ வேதத்துக்கு மாற்றுகிறார்களா? சுனாமிக்குப் பிறகு வந்த கூட்டங்களையெல்லாம் பார்த்தவள் அல்லவா, அந்தப் பயம் நியாயம்தான். அதுவும் இல்லையாம், அவரவர் சாமி அவரவருக்காம். மருந்து மாத்திரை? கிடையாதாம். கட்டாயம் எழும்பிக் கதைக்க வேண்டுமா? விருப்பமில்லாவிட்டால் சும்மா இருந்து கேட்டுவிட்டு வரலாமாம். குடித்துவிட்டுப் போனால் துரத்துவார்களா?

"நான் முதல் நாள் குடிச்சிட்டுத்தான் போனன். கதிரை தந்து இருக்கச் சொன்னாங்க."

அந்தப் பதில் அவளுக்கு அறவே பிடிக்கவில்லை. குடித்துவிட்டு வந்தவரை அவள் எத்தனையோ இரவு வாசலிலேயே விட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறாள்.

"போனவுடன என்ன சொல்லணும்?" என்று இன்றைக்குப் புதிதாக ஒன்று கேட்டாள்.

"கதைக்கிறதெண்டா, பேரச் சொல்லி, நான் ஒரு குடிகாரன் எண்டு சொல்லிட்டுத்தான் தொடங்குவம்."

"இத நான் சொன்னா உங்களுக்குக் கோவம் வரும். அங்க நீங்களே சொல்லுவீங்க."

நல்லரத்தினம் சிரித்தார். அந்தச் சிரிப்பும் புதிசு. அவளுக்கு அதுவும் பற்றிக்கொண்டு வந்தது.

"நானும் ஒரு நாளைக்கு வாறன்."

"வீட்டு ஆக்களும் வாறதுக்கு வேற ஒரு நாள் வைப்பாங்க, அப்ப கூட்டிப் போறன். வியாழன் கூட்டம் குடிச்ச ஆக்களுக்கு மட்டும்தான்."

"அப்ப நானும் குடிச்சிருக்கணும். என்னையும் சேர்த்திருப்பாங்க."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து குந்தினார். ஏதோ நல்லது சொல்ல நினைத்துத்தான் வாயைத் திறந்தார். ஆண்கள் நல்லது சொல்ல நினைக்கிறபோதுதான் எல்லாம் கெட்டுப்போகும்.

"அன்னம், போன கிழமை அங்க நான் நிலோஜன்ட பேரச் சொன்னன்."

திருவலையில் அவள் கை நின்றது.

"என்ன சொன்னீங்க?"

"பேர மட்டும்தான். மிச்சம் இண்டைக்குச் சொல்லலாம் எண்டு இரிக்கன்."

"எனக்குச் சொல்லுங்க."

"ஏலாது புள்ள. உன்ட முகத்தப் பாத்துக்கிட்டுச் சொல்ல ஏலாது. அங்க முதல்ல ஒருக்கா சொல்லிப் பாக்கிறன்."

"அந்த நௌஷாட் முதலாளிக்கு முன்னால சொல்ல ஏலும் என்ன?"

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "அந்தப் பேர எங்கயும் சொல்லிடாத. அங்க ஆர் வாறாங்க, என்ன கதைக்கிறாங்க எண்டுறத அங்கயே விட்டுட்டு வரணும். அது அவருக்கு உயிர் போற விசயம். ஓட்டமாவடியில ஒரு ஆளுக்கும் தெரியாது. அவர்ட வீட்டுக்கும் தெரியாது."

அவர் பகல் பஸ்ஸில் போனார். அவள் வயிற்றில் சுமந்த பிள்ளை, அவள் பால் கொடுத்து வளர்த்த பிள்ளை. அவன் எப்படிப் போனான் என்று முதலில் கேட்கப் போகிறவன் இரும்பும் சிமெந்தும் விற்கிற ஒருவன்.

கம்சாயினி பாடசாலையிலிருந்து வந்தபோது அம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு நின்றாள். தலையில் பூ. கையில், அப்பா விடியப்புறம் பனிச்சங்கேணி ஆற்றில் பிடித்த இறால் ஒரு பை.

"எங்க அம்மா போறீங்க?"

"ஒரு ஆளப் பாக்க."

"இந்தச் சேலையோடயா?"

சக்களத்தியைப் பார்க்கப் போகிறவள் பழைய சேலையா கட்டுவாள்?

*

சண்டை முடிந்தும் பாலத்தடிச் சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறங்கிப் பையைத் திறந்து காட்டத்தான் வேண்டியிருந்தது. ஒரு சிப்பாய் தடியால் இறாலைக் கிளறிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னான். ஓட்டமாவடியில் இறங்கியபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. நோன்பு மாதம். சாப்பாட்டுக் கடைகள் மூடியிருந்தன. வீடுகளிலிருந்து கஞ்சி காய்ச்சுகிற வாசம் வந்தது.

நௌஷாட்டிடம் என்ன பேசப் போகிறாள் என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். என் மனிதனை என்னிடம் திருப்பித் தா என்று கேட்க வேண்டும். அவன் கூட்டத்துக்குப் போகிற வழியில் மறித்துவிட்டால் இன்றைக்கு நிலோஜன் கதை அவன் காதுக்குப் போகாது. இவ்வளவுதான் திட்டம்.

கடை பூட்டிக் கிடந்தது. பக்கத்து வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த ஹிதாயா என்பவள், பின்னாலிருந்த வீட்டைக் காட்டினாள். காட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்த்திருக்கலாம். பட்டுச்சேலையைக் கண்டதும் அவளுக்கு வேலை ஓடவில்லை. கூடவே வந்தாள்.

நௌஷாட்டின் மனைவி நிஸ்மியா கதவைத் திறந்தாள். கண் வீங்கியிருந்தது. கதவோரம் ஒரு பயணப்பை உப்பிப்போய் இருந்தது.

"நௌஷாட் முதலாளிர வீடு இதுதானே? அவரப் பாக்கணும்."

நிஸ்மியா பூவைப் பார்த்தாள், சேலையைப் பார்த்தாள், இறாலைப் பார்த்தாள்.

"வியாழக்கிழமை அவர் வீட்ட இரிக்கமாட்டார் எண்டு ஒங்களுக்குத் தெரியாதா? இல்லாட்டி, நீங்க இஞ்ச வந்திட்டீங்க, அவர் அங்க ஒங்களத் தேடிக்கிட்டு நிக்காரா?"

அன்னப்பூரணிக்கு விளங்க ஒரு கணம் பிடித்தது. விளங்கியதும் இறால் பை கையிலிருந்து நழுவப் பார்த்தது.

"ஐயோ தங்கச்சி. என்ட மனிசன் குத்துக்கல்லாட்டம் இருக்கிறார். நான் அப்பிடி ஆள் இல்ல."

"அப்ப ஆரு?"

அந்த ஒரு சொல்லோடு நிஸ்மியாவின் கோபம் வடிந்தது, அழுகை வந்தது. ஹிதாயா தனக்கு வீட்டு உரிமை இருக்கிறவள்போல உள்ளே போய்க் கதிரை இழுத்துப் போட்டாள். நிஸ்மியா தெரியாத ஒரு பெண்ணிடம் எல்லாவற்றையும் கொட்டத் தொடங்கினாள். தெரிந்தவர்களிடம் கொட்ட முடியாதது அப்படித்தான் வெளியே வரும்.

"வியாழன் எண்டா போயிருவார் அக்கா. எங்க எண்டு கேட்டா சொல்லமாட்டார். நோன்பு தொறக்கிற நேரத்திலயும் இல்ல. பிள்ளையள் பேரீச்சம்பழத்தக் கையில வெச்சிக்கிட்டு வாசலப் பாத்துக்கிட்டு இரிக்கும். இண்டைக்கு முடிவெடுத்திட்டன். இது எங்கட வாப்பா எனக்குச் சீதனமாத் தந்த வளவு. அவர்ட உடுப்பெல்லாம் அந்த பேக்குக்குள்ள கிடக்கு. வந்தா வாசல்லயே குடுத்து அனுப்பிருவன். அவள்ட்டயே போய் இரிக்கட்டும்."

கிழக்கு மாகாணத்தில் வீடு பெண்ணுடையது. போ என்று பெண் சொன்னால் ஆண் பையைத் தூக்க வேண்டியதுதான். அன்னப்பூரணிக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை.

"இன்னொரு பொம்புள எண்டு எப்பிடித் தெரியும்?"

"எப்பிடித் தெரியும் எண்டா? வியாழக்கிழமை இப்பதான். அதுக்கு முந்தி பொலன்னறுவை. சாமான் எடுக்கப் போறன் எண்டு போய் ரெண்டு நாள் நிப்பார். வரக்குள்ள உடம்பெல்லாம் அத்தர் மணக்கும். வாய் நிறைய ஏலக்காய் மென்டுக்கிட்டு வருவார். கண் செவந்து கிடக்கும். என்ட முகத்துக்கு நேர நிண்டு கதைக்கமாட்டார். பொம்புளட்டப் போகாத ஆம்புள என்னத்துக்கு அக்கா இவ்வளவு மணத்தோட வரணும்?"

ஏலக்காய். அவள் வீட்டில் அது கொய்யா இலை. வாகரை முழுக்க எந்தக் கொய்யா மரத்தில் கீழ்க்கிளை மொட்டையாக இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும். முகத்துக்கு நேரே நின்று மூச்சு விடாத ஆணைப் பற்றி அவளுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். இந்தப் பெண் சாராயம் நுழையாத வீட்டில் பிறந்து, சாராயம் நுழையாத தெருவில் வாழ்ந்தவள். மூக்குக்குப் பழக்கமில்லாததை மனசு வேறு விதமாகக் கணக்குப் பார்த்துவிட்டது.

இப்போது ஒரே ஒரு வார்த்தை போதும். குடி. அந்த வார்த்தையைச் சொன்னால் நிஸ்மியாவின் சக்களத்தி செத்துப்போவாள். ஹிதாயா மஃரிபுத் தொழுகைக்குள் தெரு முழுக்கச் சொல்லிவிடுவாள். நௌஷாட் வெளியே தலைகாட்ட முடியாது, கூட்டத்துக்கும் வர முடியாது. கூட்டம் உடைந்தாலும் உடையும். அன்னப்பூரணியின் சக்களத்தியும் அதே அடியில் செத்துப்போவாள். நல்லரத்தினத்துக்கு அழ வேறு தோள் இருக்காது. வீட்டுக்குத்தான் வந்தாக வேண்டும்.

வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. உண்மையைச் சொல்வதென்றால், அதன் ருசிகூட அவளுக்குப் பிடித்திருந்தது.

கதவோரத்துப் பை அவள் கண்ணில் பட்டது. நோன்பு மாதத்தில் வீடில்லாமல் பையோடு நிற்கிற ஒருவன் எங்கே போவான்? பொலன்னறுவைக்குத்தான் போவான். அவன் போனால் நல்லரத்தினம்? நல்லரத்தினம் வீட்டுக்குத்தான் வருவார். கொய்யா இலையை மென்றுகொண்டு வருவார்.

"பொம்புள இல்ல தங்கச்சி," என்றாள். "சத்தியமா இல்ல."

"ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அன்னப்பூரணி ஹிதாயாவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தன் வீட்டு மானத்தை எடுத்து அவர்கள் முன்னால் போட்டாள்.

"என்ட மனிசன் குடிகாரன். மகன் சுனாமியில போனதில இருந்து குடிச்சவர். உங்கட மனிசன்தான் வியாழக்கிழமை வியாழக்கிழமை அவரோட இருந்து, புத்தி சொல்லி, நிப்பாட்ட வெச்சார். அதுக்கு நன்றி சொல்லத்தான் இந்த இறாலக் கொண்டு வந்தன்."

பொய் ஒரு சொல்கூட இல்லை, நன்றி என்ற அந்தச் சொல்லைத் தவிர. உண்மையில் பாதி மட்டும்.

நிஸ்மியா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் முதலில் வெளிச்சம் வந்தது. நல்ல பெருமையான வெளிச்சம். பிறகு அதன் ஓரத்தில் வேறொன்று எட்டிப் பார்த்தது.

"அப்ப ஊருல உள்ள ஆக்கள்ட கவலையெல்லாம் இருந்து கேக்கார்," என்றாள் மெதுவாக. "எனக்குப் பக்கத்தில ஒரு நாள் அப்பிடி இருந்தாரில்ல அக்கா."

வரும் வழியெல்லாம் அன்னப்பூரணி தனக்குள் சொல்லிக்கொண்டு வந்த அதே பாட்டு.

"எனக்கும் அப்பிடித்தான்," என்றாள்.

இரண்டு பேரும் கைகளைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் அழுதார்கள். கதை இதோடு நல்லபடியாக முடிந்திருக்கும். ஹிதாயாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"செய்யிற நன்மைய இவ்வளவு காலமா மறைச்சிரிக்காரே. நோன்பு காலத்தில இதப் போல நன்மை இரிக்கா? நிஸ்மியா, கஞ்சி ஆயிட்டுத்தானே. பானையோட தூக்கிட்டுப் போவம். அங்க இரிக்கிற ஆக்களுக்கும் ஒங்கட கையால குடுங்க. எங்கட ஆக்களும் அறியட்டும்."

நிஸ்மியா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். "எந்த இடம் அக்கா?"

"அங்க பொம்புளயள் போகக்கூடாதாம்."

"உள்ளுக்கு எங்க போறம்? வாசல்ல குடுத்திட்டு வருவம். அவர்ட முகத்த ஒருக்கா பாக்கணும் எனக்கு."

அந்த ஆசையை அன்னப்பூரணியால் எப்படி மறுக்க முடியும்? அவளும் ஒரு முகத்தைப் பார்க்கத்தானே வந்தாள். இடத்தை மறைத்துப் பார்த்தாள். ஆனால் ஹிதாயா ஓட்டோவை மறித்தபோது, வியாழக்கிழமைகளில் முதலாளியை ஏற்றி இறக்குகிற இடம் ஓட்டோக்காரருக்கே தெரிந்திருந்தது.

*

வாழைச்சேனையில், சுனாமிக்குப் பிறகு யாரோ கட்டிக்கொடுத்த பாலர் பாடசாலை அது. பிள்ளைகள் போன பிறகு பின்னேரத்தில் கூட்டத்துக்குக் கொடுக்கிறார்கள். ஓட்டோ நின்றதும் அன்னப்பூரணி முந்திக்கொண்டு இறங்கினாள். நிஸ்மியாவும் ஹிதாயாவும் சுடுகிற பானையைச் சீலைத்துணி சுற்றி இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே நாலு வயதுப் பிள்ளைகளின் சின்னக் கதிரைகளில் பெரிய ஆண்கள் முழங்காலை மடக்கிக்கொண்டு வட்டமாக இருந்தார்கள். பார்த்தால் சிரிப்பு வர வேண்டும். அவளுக்கு வரவில்லை.

நல்லரத்தினம் கதைத்துக்கொண்டிருந்தார். அந்தக் குரலை அவள் கேட்டு ஐந்து வருஷம் ஆகப்போகிறது. அவருக்குப் பக்கத்தில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர், அவர் முதுகில் ஒரு கையை வைத்தபடி. அது நௌஷாட்டாகத்தான் இருக்க வேண்டும். வட்டத்தில் அடுத்து அந்தத் தொப்பிக்காரரின் முறை.

"நானும் அவனும் கரையில நிண்டம். தண்ணி கடலுக்குள்ள வத்திப் போயிட்டு. மீனெல்லாம் துடிக்குது. அவனுக்குச் சிரிப்பு. என்ட கைய இழுத்து, என்னட்ட ஒண்டு கேட்டான்."

நல்லரத்தினம் நிறுத்தினார். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

அன்னப்பூரணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். என்ன கேட்டான்? என் பிள்ளை கடைசியாக என்ன கேட்டான்? இன்னும் ஒரு வசனம் கேட்டால் போதும். அதற்காக அவள் எதையும் கொடுப்பாள்.

பின்னால் வாசல் படலை கிறீச்சிட்டது. நிஸ்மியாவின் செருப்புச் சத்தம். ஹிதாயாவின் மூச்சு. நல்லரத்தினம் முடித்ததும் அந்தத் தொப்பிக்காரர் தன் பேரைச் சொல்லுவார். பேருக்குப் பிறகு என்ன சொல்லுவார் என்று காலையில்தான் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

உள்ளே நல்லரத்தினம் மூச்சை இழுத்தார். "அவன் கேட்டான்..."

அன்னப்பூரணி ஜன்னல் பலகையில் உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள்.

"வீட்டுக்காரங்க வந்திருக்காங்க. கஞ்சி கொண்டு வந்திருக்காங்க. வெளியில வாங்க."

உள்ளே குரல் அறுந்தது. கதிரைகள் நகர்ந்தன. நல்லரத்தினம்தான் முதலில் வெளியே வந்தார். அவர் கண்ணிலிருந்து வடிந்துகொண்டிருந்தது. அவருக்குப் பின்னால் நௌஷாட்.

நிஸ்மியா பானையை வைத்துவிட்டுக் கணவன் முன்னால் போய் நின்றாள். இத்தனை மாதத்துக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு.

"எல்லாத்தையும் இந்த அக்கா சொல்லிட்டாங்க," என்றாள். "என்னட்ட மறைச்சிட்டீங்களே."

நௌஷாட்டின் முகத்தில் இரத்தம் இல்லை. அவர் அன்னப்பூரணியைப் பார்க்கவில்லை. நல்லரத்தினத்தைத்தான் பார்த்தார். முதுகில் கை வைத்திருந்தவர், அந்தக் கையைத் தன் பக்கத்தில் தொங்கவிட்டுக்கொண்டார்.

நல்லரத்தினம் மனைவியைப் பார்த்தார். இல்லை, நான் சொல்லவில்லை என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். எதைச் சொல்லவில்லை என்று ஹிதாயா கேட்பாள். அவள் கண்ணை அகலத் திறந்துகொண்டு பக்கத்திலேயே நின்றாள். அன்னப்பூரணி வாயை மூடிக்கொண்டாள்.

"அவன் கேட்டத நான் ஒருத்தருக்கும் சொன்னதில்ல, அன்னம்," என்றார் நல்லரத்தினம். "இண்டைக்குச் சொல்லிட்டா, நாளைக்கு உனக்குச் சொல்லியிருப்பன்."

பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. நிஸ்மியா முதல் கோப்பைக் கஞ்சியை வார்த்துக் கணவனிடம் நீட்டினாள். நல்லரத்தினம் செருப்பைப் போட்டுக்கொண்டு, பஸ் நிற்கிற பக்கம் இல்லாமல், மற்றப் பக்கம் நடந்தார். அந்தப் பக்கத்தில் என்ன கடை இருக்கிறதென்று வாழைச்சேனையில் எல்லாருக்கும் தெரியும்.